பதினேழாம் எண் குப்பி

அநியாயம் நடந்தது மயிலாத்தாள் அக்காவுக்கு. அவர் வயிற்றிலிருந்து ஒரு சின்ன டம்ளர் அளவு கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். அதிலிருந்து பிரிக்கும் செல்களை அவர் காலில் இருக்கும் புண்ணைச் சுற்றி ஊசியால் போடுவோம், புண் ஆறும் என்றார்கள். போட்டது வெறும் உப்புத் தண்ணீர். செல்களை ஒரு குப்பியில் அடைத்து, மேலே பதினேழு என்று எழுதி, உறைய வைத்துவிட்டார்கள். இதைத்தான் ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மனுவாக, நினைவூட்டல் கடிதமாக, நேரில், போனில். இப்போது உங்களிடம்.

அலுத்துவிட்டதுதான். யாரிடமும் இனிமேல் இதைச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் உங்கள் கையில் அந்த ஃபாரத்தைப் பார்த்துவிட்டேன். கையெழுத்து இன்னும் போடவில்லையே? நல்லது. பேனாவை மூடி வையுங்கள். உள்ளே அக்காவுக்குக் கட்டுப் போட்டு முடித்த பிறகுதான் உங்கள் வீட்டுக்காரர் முறை வரும். அக்காவுக்கு நேரமாகும். கால் சுண்டுவிரல் இருந்த இடம் இன்னும் ஆறவில்லை.

என் பெயர் சுடர்க்கொடி. இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் ஆராய்ச்சி செய்கிறேன், இரண்டாம் வருடம். நீங்கள் பிடித்திருக்கும் ஃபாரம் எங்கள் ஆய்வகத்துடையது. அதில் இருக்கும் தமிழ் என்னுடையது. ஆமாம், மொழிபெயர்த்தது நான்தான். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அக்கா எங்கள் பெண்கள் விடுதி மெஸ்ஸில் சமையல். தோசைக்கல்லுக்கு முன்னால் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறார். எங்கள் மெஸ் சமையலறைக்குள் யாரும் செருப்புப் போடக் கூடாது. வாசலில் பலகை தொங்கும். அன்னம் வேகிற இடம் என்பது சூப்பர்வைசர் சின்னுசாமி அண்ணனின் கொள்கை. தினமும் காலையில் முதல் அடுப்பைப் பற்றவைக்கும்போது கற்பூரம் காட்டித்தான் பற்றவைப்பார். செருப்பெல்லாம் வெளியே மர அலமாரியில் வரிசையாக நிற்கும். உள்ளே நாற்பது பெண்கள், ஈரத் தரையில், வெறுங்காலோடு.

அக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறது. பாதம் மரத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் இருக்கிறதல்லவா, அதில் ஒரு துண்டு சுண்டுவிரலுக்குக் கீழே ஏறியிருக்கிறது. நான்கு நாள் அவருக்குத் தெரியவே தெரியாது. சட்னி வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்துபோன தடத்தில், ஒரு கால் தடம் மட்டும் சிவப்பாக இருந்ததை முதலில் பார்த்தது நான்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த நூறு பேரில் நான்தான் பார்த்தேன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன்.

அப்போதுதான் எங்கள் ஆய்வகத்தில் இந்த ஆய்வு தொடங்கியிருந்தது. நான்தான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "உங்க வயித்துக் கொழுப்புக்குள்ளேயே புண்ணை ஆத்துற செல்கள் இருக்கு அக்கா. அதுங்க சும்மா தூங்கிட்டிருக்கு. நாங்க எடுத்து, கழுவி, சுத்தி, புண்ணு இருக்கிற எடத்துல விட்டா, அங்க புது ரத்தக் குழாய் வர வைக்கும்."

"எங்கொழுப்பா கண்ணு? அதுக்கு அத்தன வேலை தெரியுமா?" என்றார்.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண் சொன்னார்: "எடுத்துட்டுப் போகட்டும் மயிலு. கொஞ்சம் வாயும் கொறையும்."

அக்காவும் சிரித்தார். அவ்வளவு லேசாகத்தான் எல்லாம் இருந்தது.

செல் பிரிக்கிற வேலையை நீங்கள் பார்க்க வேண்டும். மஞ்சள் நெய் போல வரும் கொழுப்பு. கழுவி, ஒரு நொதியை ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்து ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு சுழற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும். நமக்கு வேண்டியது அடியில் ஒரு துளி, சிவப்பாக, மிளகு அளவுக்கு உட்கார்ந்திருக்கும். அக்காவுடையதை நான் பார்த்தேன். நல்ல துளி. உயிருள்ள செல்கள் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். கெட்டுப்போயிருந்தால் விட்டுவிடலாம். நன்றாக இருந்ததை எடுத்து அடைத்து வைத்தார்கள்.

எதிர்வாதம் இருக்கிறது, தெரியும். என் கைடு பத்மஜா மேடம் ஆயிரம் முறை சொல்லிவிட்டார்கள். ஒரு வைத்தியம் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால், பாதிப் பேருக்கு அதைக் கொடுக்க வேண்டும், பாதிப் பேருக்குக் கொடுக்கக் கூடாது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியக் கூடாது, டாக்டருக்கும் தெரியக் கூடாது. சிரிஞ்சைச் சுற்றி வெள்ளிக் காகிதம் ஒட்டிவிடுவார்கள். கொழுப்பை எல்லோரிடமும் எடுப்பார்கள், இல்லாவிட்டால் வயிற்றைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். இது உலகம் முழுக்க உள்ள முறை என்பார்கள். இருக்கட்டும். உலகம் முழுக்க நடந்தால் ஒரு காரியம் நியாயமாகிவிடுமா? நீங்களே சொல்லுங்கள்.

இல்லை, இருங்கள். நான் முடித்துவிடுகிறேன்.

ஊசி போட்ட பிறகு வாரத்துக்கு இரண்டு முறை கட்டு மாற்றுவதற்கு ஆய்வு வேனே மெஸ் வாசலுக்கு வரும். வரிசை இல்லை, டோக்கன் இல்லை. புண்ணின் மேல் கண்ணாடித் தாளை வைத்து மார்க்கர் பேனாவால் கோடு வரைந்து அளவெடுப்பார்கள். அப்புறம், பாதத்தில் எடை விழாமல் இருக்க ஒரு செருப்புக் கொடுத்தார்கள், சர்க்கரைக்காரர்கள் போடுவது, உள்ளே மெத்தென்று கறுப்பு அடி வைத்தது. சமையலறைக்குள் செருப்புக் கூடாதே, அதனால் மேடம் சின்னுசாமி அண்ணனுக்கு ஒரு லெட்டர் கொடுத்தார்கள். மயிலாத்தாள் ஆய்வில் இருக்கும் காலம் வரை செருப்புப் போடவும் உட்கார்ந்து வேலை செய்யவும் அனுமதிக்கவும் என்று. அண்ணனும் முத்திரையைப் பார்த்துவிட்டுத் தலையசைத்து, தோசைக்கல்லுக்கு முன்னால் ஓர் இரும்பு ஸ்டூலைப் போட்டுவிட்டார். இதெல்லாம் சில்லறை விஷயம். ஒரு செருப்பையும் ஸ்டூலையும் கொடுத்து ஒரு பெண்ணின் செல்களை வாங்கிக்கொண்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மனுவிலும் அப்படித்தான் எழுதினேன்.

புண் சின்னதாகிக்கொண்டே வந்தது. அக்கா சமையலறைக் கணக்கில் சொல்வார். "மொதல்ல நெல்லிக்காயாட்டம் இருந்துச்சுங் கண்ணு. இப்பச் சுண்டைக்காய்." எட்டாவது வாரம் "கொண்டைக்கடலை" என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து, செருப்புப் போட்ட காலை அடுப்புத் திட்டின் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டு மாவு ஊற்றுவார். நானும் செல்கள் வேலை செய்கின்றன என்றுதான் நினைத்தேன். ஆய்வகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வாரம்தான் குப்பியைப் பார்த்தேன்.

திங்களும் வியாழனும், குப்பிகளை உறைய வைத்திருக்கும் உறைகலத்தில் திரவ நைட்ரஜன் நிரப்புவது என் வேலை. மரக் குச்சியை உள்ளே விட்டு, எவ்வளவு உயரம் பனி பிடிக்கிறது என்று பார்த்து எழுதினால் போதும். உள்ளே இருக்கும் அடுக்குகளைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. நான் தூக்கினேன். ஏன் தூக்கினாய் என்று விசாரணையில் கேட்டார்கள். ஒரு மனிதருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறதா இல்லையா என்று நான் திருப்பிக் கேட்டேன். 

பனிப் புகைக்குள் பதினேழு என்று இருந்தது. அக்காவின் அட்டையை நிரப்பியவள் நான். பதினேழு யார் என்று எனக்குத் தெரியாதா? செல் போட்டவர்களுக்கு அன்றைக்கே எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள், மிச்சம் இருக்காது. குப்பி இருக்கிறது என்றால் போடவில்லை என்று அர்த்தம். அடுக்கை உள்ளே இறக்கி மூடியைப் போட்டேன்.

அன்று சாயங்காலமே போய்ச் சொல்லிவிட்டேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல நறுக்குவதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்.

"அப்பறம் இது எப்படிங் கண்ணு ஆறுது?"

"சிலருக்குத் தானா ஆறும் அக்கா. அது வேற விஷயம். உங்களை ஏமாத்திட்டாங்க, அதைப் பாருங்க."

அவர் புண்ணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. காலில் இருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு, "இத ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க கண்ணு" என்றார்.

பயம். இதுதான் பயம். இல்லாதவர்களை ஏமாற்றுகிறவர்களுக்கு எப்போதும் துணையாக இருப்பது இந்தப் பயம்தான். எனக்கு அன்று இரவெல்லாம் அந்தக் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு மனு எழுதி முடித்தேன். பதினொரு பக்கம். எடுத்துக்கொண்டு போனேன். சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க பேர்ல ஒரு மனு. உங்களுக்காகத்தான்."

"எங்க போடோணுங்?" என்றார்.

காட்டினேன். கரண்டியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனுவை முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்கள்.

"யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது சுடர். தெரிஞ்சிரக் கூடாதுன்னு ஆரம்பத்துலேர்ந்தே கண்ணை மூடிக்கிட்டு இருக்கேன். நீ அவங்ககிட்டயே போய்ச் சொல்லிட்டே."

"ஏமாத்துறதைச் சொன்னேன் மேடம்."

"ஏமாத்தலை. ஃபாரத்துல நாலாம் பக்கத்துல தெளிவா இருக்கு. பாதிப் பேருக்கு உப்புத் தண்ணி. ஆய்வு முடிஞ்சதும் அவங்க செல்லை அவங்களுக்கே குடுப்போம். அதுவரைக்கும் பத்திரமா வெச்சிருப்போம். நீ எழுதின தமிழ்தானே?"

இதோ, இதற்குத்தான் வந்தேன். உங்கள் ஃபாரத்திலும் நான்காம் பக்கத்தைத் திருப்புங்கள். 'பங்கேற்பாளர் நிகழ்வாய்ப்பு முறையில் இரு பிரிவுகளுள் ஒன்றிற்கு ஒதுக்கப்படுவார். ஒப்பீட்டுப் பிரிவினருக்கு உடலியல் உப்புக் கரைசல் செலுத்தப்படும்.' ஒரு வடசொல் இல்லை, ஓர் ஆங்கிலச் சொல் இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். துறைத் தலைவரே பாராட்டினார். இதை ஒரு சமையல்காரப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, தெளிவாக இருக்கிறது என்கிறார்கள். யாராவது அதை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டாமா?

படித்துக் காட்டியது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். அவரைத் தெரிந்தவள் நீதானே, போய்ப் படித்துக் காட்டு என்று அனுப்பினார்கள். இட்லித் தட்டு இறக்குகிற நேரம். மூன்று பக்கம் படித்தேன், நான்காம் பக்கம் வரும்போது ஆவி வந்துவிட்டது. "மிச்சம் இருக்கட்டுங் கண்ணு. நீங்க படிச்ச புள்ள. எங்க போடோணும்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். அதற்காகப் பொறுப்பு என் தலையிலா? அனுப்பியது யார்? நேரம் ஒதுக்காதது யார்? ஓர் அமைப்பு செய்கிற தவறைத் தனி மனிதர் மேல் போடுவது பழைய தந்திரம். இதை நான் குழுவின் முன்னாலேயே சொன்னேன்.

மேடம் அன்று இன்னொன்றும் சொன்னார்கள். "நீ நல்லா ஆர்க்யூ பண்றே சுடர். ஆனா நாலாவது பக்கம் வரைக்கும் போக மாட்டேங்கறே." இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் இல்லை.

விஷயம் தெரிந்துவிட்ட நோயாளி ஆய்வில் தொடர முடியாது. அது விதி. பதினேழாம் எண் விலக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதினார்கள். வேன் வருவது நின்றது. சின்னுசாமி அண்ணனுக்கு அலுவலகத்திலிருந்து போன் போனது, அந்த லெட்டர் இனிச் செல்லாது என்று.

மறுநாள் காலையில் அக்காவின் செருப்பு வெளியே அலமாரியில் இருந்தது. ஸ்டூலின் மேல் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வைத்துவிட்டார்கள். அதற்குத் தோதான உயரம், குழாய் டம்ளருக்கு நேராக வருகிறது என்று எல்லோருக்கும் திருப்தி.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். சின்னுசாமி அண்ணனிடம் நேராகப் போனேன்.

"நான் என்னங்க பண்ணட்டும்?" என்றார். "மேடம் லெட்டர் குடுத்தாங்க, சரின்னேன். லெட்டர் முடிஞ்சுதுன்னு அவங்களே சொல்றாங்க. இனி மயிலுக்கு உட்டா நாளைக்கு நாப்பது பேரும் செருப்போட வந்து நிப்பாங்க."

"நிக்கட்டுமே அண்ணா. இது வெறும் மூடநம்பிக்கை. அடுப்புக்குக் கற்பூரம் காட்டுறீங்க, அடுப்புக்கு முன்னால நிக்கிறவங்க காலைப் பாக்க மாட்டேங்கறீங்க."

நன்றாகச் சொன்னேன் அல்லவா? அரை மணி நேரம் பேசினேன்.  "சரிங்க, படிச்சவங்க நீங்க" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அக்காவுக்காக வேறு யாராவது ஸ்டூலைக் கேட்டால்கூட, "அந்தப் பொண்ணு சொல்லித்தான் வந்தியா?" என்கிறாராம். என்ன செய்வது, அதிகாரத்தில் இருப்பவர்களின் புத்தி அப்படி.

அதன் பிறகு அக்கா இங்கே, இந்த ஆஸ்பத்திரிப் பொது வரிசையில். காலையில் வந்தால் மதியம் ஆகிறது. காலை டிஃபனை விட்டுவிட்டு வர முடியாது, மதியச் சாப்பாட்டுக்குள் திரும்ப வேண்டும். அதனால் பத்து நாளுக்கு ஒருமுறை, சில சமயம் அதுவும் இல்லை. நான் மனு வேலையில் இருந்தேன். தகவல் கேட்டு விண்ணப்பம், அதற்கு மேல்முறையீடு, குழுவுக்கு நினைவூட்டல். நீங்கள் நம்ப மாட்டீர்கள், என் ஆராய்ச்சியில் இந்த ஏழு மாதமும் ஒரு பக்கம் எழுதவில்லை.

மூன்றாம் மாதம் நெறிமுறைக் குழு விசாரணைக்கு அழைத்தது. நீளமான மேசை, ஏழு பேர், ஒரு வக்கீல். அக்கா மூலையில் ஒரு நாற்காலி நுனியில், புதுச்சேலை கட்டிக்கொண்டு. நான் நாற்பது நிமிடம் பேசினேன். உடம்பு யாருடையது, உடம்பிலிருந்து எடுத்தது யாருடையது, குப்பிக்குள் போனால் உரிமை மாறிவிடுமா என்று. வக்கீல்கூடக் குறிப்பெடுத்தார். கடைசியில் தலைவர் அக்காவைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். அக்கா எழுந்து நின்றார், பெரிய மனிதர்கள் கேட்டால் எழுந்துவிடுவார். பாவம், சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார். நான்தான், "அவங்க சார்பா எல்லாமே சொல்லிட்டேன் சார்" என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "கண்ணு, அந்த லெட்டரு…" என்று ஆரம்பித்தார்.

"லெட்டரெல்லாம் சலுகை அக்கா. நாம கேக்கிறது உரிமை. உரிமை வந்துட்டா சலுகை எதுக்கு?"

பஸ் வந்துவிட்டது. அவர் ஏறினார். படியில் அந்தக் காலை வைக்கும்போது கம்பியை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். கொண்டைக்கடலை மறுபடி நெல்லிக்காய் ஆகியிருந்தது. சொல்லவில்லை அவர். கால் கட்டின் மேல் ஈரம் தெரிந்தது.

ஐந்தாம் மாதம் சுண்டுவிரல் கறுத்தது. பக்கத்து விரலுக்குப் போவதற்குள் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். அந்தச் சான்றிதழை மனுவோடு இணைத்து அனுப்பினேன், இணைப்பு எண் ஏழு. செல்களைக் கொடுத்திருந்தால் இந்த விரல் இருந்திருக்கும் என்று எழுதினேன். தைத்த இடம் காய்வதற்குள் அக்கா வேலைக்குப் போய்விட்டார். வெறுங்காலில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு நின்றார். இன்னும் எத்தனை நாள் விடுவார்கள் என்று தெரியவில்லை. நிற்க முடியாதவர் எதற்கு என்று பேச்சு வந்துவிட்டதாம். இன்னொரு விரலும் போனால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று போன வாரம் டாக்டர் சொன்னார்.

அந்தச் செருப்பு இப்போதும் புதிதாகத்தான் இருக்கிறது, தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு வரும்போது போட்டுக்கொண்டு வருகிறார். இதோ, பெஞ்சுக்குக் கீழே இருக்கிறது பாருங்கள், உள்ளே போகும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அடியில் தேயவே இல்லை. மெஸ் வாசல் வரை போடுவார். அப்புறம் பத்து மணி நேரம் அது வெளியே, அவர் உள்ளே.

நேற்றுதான் குழுவின் உத்தரவு வந்தது.

ஜெயித்துவிட்டோம். என் குரலைக் கேட்டால் ஜெயித்தவள் மாதிரி இருக்காது, தெரியும். ஏழு மாதம் ஆயிற்றே. உத்தரவு இரண்டு பக்கம். ஒப்பீட்டுப் பிரிவில் உள்ளவர்கள், விலக்கப்பட்டவர்கள் உட்பட, விரும்பினால் அவர்களுடைய செல்களை உடனே செலுத்த வேண்டும், ஆய்வு முடியும் வரை காத்திருக்க வேண்டாம். ஃபாரத்தை எளிய தமிழில் மாற்றி எழுத வேண்டும், அதை எழுதியவரே எழுதக் கூடாது. மாணவி சுடர்க்கொடி உறைகல அறைக்குள் நுழையக் கூடாது. கடைசி இரண்டும் எனக்கான தண்டனை. இருக்கட்டும். மேடம் உத்தரவைப் படித்துவிட்டு, "குடுத்துரலாம். ஆனா ஒண்ணு கேக்கறேன், அந்தம்மா இப்ப எப்படி நிக்கறாங்க?" என்று கேட்டார்கள். எப்படி நிற்கிறார் என்றால் என்ன அர்த்தம்? தோற்றவர்கள் பேச்சை மாற்றுவது சகஜம். உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

இன்று காலையில் இதே பெஞ்சில், நீங்கள் இருக்கும் இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரத்துக்கு முன்னால். உத்தரவை முழுக்க வாசித்துக் காட்டினேன். இந்த முறை நான்காம் பக்கம் இல்லை, இரண்டே பக்கம், ஒரு வரி விடவில்லை. அர்த்தமும் சொன்னேன். வயிற்றில் மறுபடி கத்தி வைக்க வேண்டாம், எடுத்தது அப்படியே இருக்கிறது, கரைத்து ஊசியில் போடுவதுதான் பாக்கி என்றேன். சம்மதக் கடிதத்தை மடியில் வைத்தேன். பேனாவையும் திறந்து கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டார். எங்கே போட வேண்டும் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நர்ஸ் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவரை இல்லை.

எனக்குக் களைப்பு. சண்டை போடவும் தெம்பில்லை, விளக்கவும் தெம்பில்லை. அதனால்தான் அப்படிக் கேட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். திட்டமிட்டுக் கேட்கவில்லை.

"என்னதான் அக்கா வேணும் உங்களுக்கு?"

பேனாவை மூடினார். என் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஜோடி சேர்த்து, பெஞ்சுக்குக் கீழே தள்ளி வைத்தார். அப்போதுதான் உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். சுவரைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டு சொன்னார்:

"அது அங்கியே குளுகுளுன்னு இருக்கட்டுங் கண்ணு. எனக்கு அந்த ஸ்டூல மட்டும் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. மேல இருக்கற தண்ணிக் கேனை நானே எறக்கி வெச்சுக்கறேன்."